இரண்டு புட்டிகள்: கரைப்பான்களையும் அவற்றின் கலவைகளையும் அளந்தறிதல்

ஆய்வுக்கூடத்து அலமாரியின் ஒரு மூலையில், ஈரத்தால் பெயர்ச்சீட்டு உரிந்துபோய், இரட்டைப் பிள்ளைகளைப் போல் அருகருகே நிற்கும் இரண்டு புட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் இருப்பது நீர் கலவாத எதில் ஆல்கஹால். மற்றொன்றில் இருப்பது எடைக்கு எடை சரிபாதி நீர் கலந்த அதே ஆல்கஹால். எதில் எது என்பதுதான் தெரியவில்லை. இரண்டுக்கும் நிறமில்லை, மணமும் ஒன்றே, கொளுத்திப் பார்த்துவிடலாமே என்று அவசரப்படுகிறவருக்கு, சரிபாதி நீர் கலந்ததும் எரியவே செய்யும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். சரி, கருவியிருக்கக் கவலை ஏன் என்று, விலையுயர்ந்த ஒளிவிலகல்மானியின் பட்டகத்தின்மேல் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு துளியை விட்டு, 20 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணநிலையில் அளவெடுத்தால், ஒன்று 1.3614 என்றும் மற்றொன்று 1.3616 என்றும் காட்டும். கை பழகாத மாணவர் எடுக்கும் அளவில் இவ்விரண்டும் ஒன்றேயாகும்.

இது கருவியின் குற்றமும் அன்று, கண்ணின் குற்றமும் அன்று. நீரின் ஒளிவிலகல் எண் 1.3330, ஆல்கஹாலினுடையது 1.3614, ஆகவே சரிபாதிக் கலவையினுடையது இரண்டுக்கும் நடுவே 1.347 அளவில் இருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் பள்ளிக்கூடத்துச் சராசரிக் கணக்கின் பழக்கம். கலவையோ அந்தக் கணக்கைப் படித்ததில்லை. நீரில் ஆல்கஹாலைச் சேர்க்கச் சேர்க்க அந்த எண் மேலேறிக்கொண்டே போய், எடையில் 80 சதவீதத்தை ஒட்டி 1.3658 என்னும் உச்சியைத் தொட்டு, அதன்பின் இறங்கத் தொடங்கித் தனி ஆல்கஹாலில் வந்து நிற்கிறது; ஏறும் வழியில் ஒரு முறையும் இறங்கும் வழியில் ஒரு முறையுமாக ஒரே எண்ணை இருமுறை கடக்கிறது. ஒரு திரவத்தைப் பற்றிக் கருவி சொல்லும் ஒரேயொரு எண்ணை வைத்துக்கொண்டு அதன் ஜாதகத்தையே கணித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் முதலில் இடறிவிழும் இடம் இதுதான். எந்த குணத்தை எந்தக் கலவைக்கு அளப்பது, ஒரு குணம் ஊமையாகிவிடும் இடத்தில் வேறெந்த குணத்தைக் கேட்பது என்னும் விவேகம் இல்லாதவருக்குக் கருவிகளால் பயன் அதிகமில்லை என்பது என் அபிப்பிராயம். ஆதலால் இந்த அத்தியாயம் முழுவதிலும் அந்த இரண்டு புட்டிகளையும் நாம் கூடவே எடுத்துச் செல்வோம்.

ஆல்கஹாலும் நீரும் கலந்த திரவத்தைத் துல்லியமாக அளக்க மனிதர் பட்ட பாட்டுக்கு மூலகாரணம் ஞான தாகமா, வரி வசூலா என்று கேட்டால், பின்னதே என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. வெடிமருந்தைச் சாராயத்தில் நனைத்துக் கொளுத்தினால் மருந்து பற்றிக்கொள்ளுமாயின் அது நல்ல சாராயம், பற்றாவிடில் நீர் மிகுந்தது என்பது இங்கிலாந்தின் பழைய சோதனை என்று சொல்வார்கள். ஒருபுறம் வியாபாரியும் மறுபுறம் அரசாங்கமும் நிற்க நடுவே வெடிமருந்து தீர்ப்புச் சொல்லும் இந்த ஏற்பாடு நெடுங்காலம் நிலைக்கக்கூடியதா? சார்லஸ் பிளாக்டன், ஜார்ஜ் கில்பின் ஆகிய இருவரும் அரசாங்கத்தின் பொருட்டுப் பற்பல விகிதங்களில் கலவைகளைத் தயாரித்து, வெவ்வேறு உஷ்ணநிலைகளில் அடர்த்தியை அளந்து, 1790-க்கும் 1794-க்கும் இடையே அட்டவணைகளாக வெளியிட்டார்கள். பின்னர் சைக்ஸ் என்பவரின் திரவமானியை 1816-இல் பிரிட்டிஷ் சட்டம் ஏற்றுக்கொண்டது. அந்தப் பித்தளைக் கருவியே நம் நாட்டுக் கலால் இலாகாவிலும் வெகுகாலம் புழங்கிற்று. 51 டிகிரி பாரன்ஹீட்டில், தன் பருமனுக்குச் சமமான நீரின் எடையில் பதின்மூன்றில் பன்னிரண்டு பங்கு எடையுள்ளதே 'புரூஃப்' சாராயம் என்று சட்டம் வகுத்தது. அது எடையில் 49 சதவீதத்துக்குச் சற்றே மேற்பட்ட ஆல்கஹால் ஆகும். நம்முடைய இரண்டாவது புட்டியில் இருப்பது ஏறக்குறைய அதுவே என்பதைக் கவனித்தீர்களானால், கொளுத்திப் பார்க்கும் யோசனையை நான் ஏன் தொடக்கத்திலேயே தள்ளினேன் என்பதும் விளங்கும்.

தனிமங்களின் அட்டவணையால் புகழ்பெற்ற மெண்டலீவ், 1865-இல் தம் பட்டத்துக்காக எழுதிய ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருளும் ஆல்கஹாலும் நீரும் சேரும் விதமே. 50 மில்லிலிட்டர் ஆல்கஹாலையும் 50 மில்லிலிட்டர் நீரையும் ஒன்றாக ஊற்றினால் 100 மில்லிலிட்டர் கிடைப்பதில்லை. கலவை முதலில் வெதுவெதுப்பாகும், சிறு குமிழிகள் எழும், ஆறிய பின் பார்த்தால் 96 மில்லிலிட்டருக்குச் சற்றே மிகுதியாகத்தான் இருக்கும். இந்தச் சுருக்கம் எடையில் 46 சதவீதத்தை ஒட்டி உச்சம் பெறுகிறது என்று அவர் கண்டார். ஒரு மூலக்கூறு ஆல்கஹாலுக்கு மூன்று மூலக்கூறு நீர் என்னும் விகிதம் அதுவாதலால், அங்கே ஒரு சேர்மமே உண்டாகிறது என்றும் கருதினார். அந்தக் கருத்து பின்னர் நிலைபெறவில்லை. அவருடைய அளவுகளோ நிலைபெற்றன. எல்லாக் கலவையும் சுருங்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. அசிட்டோனோடு கார்பன் டைசல்பைடைச் சேர்த்தால் கலவை குளிர்ந்து, பருமனும் சற்றே கூடும். பென்சீனும் டொலுயீனும் ஒரே குடும்பத்தவை ஆகையால் பெரும்பாலும் சண்டையும் சரசமும் இன்றிச் சராசரிக் கணக்குக்குக் கட்டுப்பட்டு நடக்கும்.

இனிக் கைவேலைக்கு வருவோம். கருவிகளைத் தொடுமுன் உஷ்ணநிலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏனெனில், நான் பார்த்த பிழைகளில் பத்துக்கு ஏழு அங்கேதான் பிறந்தன. அச்சிட்ட அட்டவணைகளிற் பெரும்பாலானவை 20 டிகிரியிலோ 25 டிகிரியிலோ எடுத்த அளவுகளைத் தருபவை. ஐரோப்பியர் தம் அறையின் இயல்பான உஷ்ணத்தை ஒட்டி வகுத்துக்கொண்டவை அவை. நம் ஊர் ஆய்வுக்கூடத்தில் காலையிலேயே 30 டிகிரி இருக்கும். சித்திரை வைகாசியில் அதுவும் போதாது. சரிபாதிக் கலவையின் அடர்த்தி 20 டிகிரியில் மில்லிலிட்டருக்கு 0.9138 கிராம்; 30 டிகிரியிலோ 0.9058. மின்விசிறியின் கீழே அமர்ந்து 30 டிகிரியில் 0.9058 என்று செவ்வையாகவே அளந்துவிட்டு, 20 டிகிரி அட்டவணையைப் புரட்டிப் பார்க்கும் மாணவர், தம் புட்டியில் 53½ சதவீதம் ஆல்கஹால் இருப்பதாக எழுதிவைப்பார். எடை பார்த்ததில் பிழையில்லை, கணக்கில் பிழையில்லை, ஆனால் விடையில் மூன்றரைச் சதவீதம் பிழை!

ஆகையால் ஒரு நீர்த்தொட்டி அவசியம். உஷ்ணத்தைத் தானே நிலைநிறுத்தும் மின்சாரத் தொட்டி இருந்தால் நல்லது. இல்லாவிடில் பெரியதொரு பாத்திரத்தில் நீரை நிரப்பிக் கலக்கிக்கொண்டே, சிறிது வெந்நீரோ குளிர்நீரோ விட்டு, பத்தில் ஒரு டிகிரிக்குள் நிறுத்தப் பழகிக்கொள்ளலாம். குளிரூட்டும் வசதி இல்லாத இடத்தில் 20 டிகிரியைப் பிடித்துவைக்கப் போராடுவதைவிட, அறையின் உஷ்ணத்துக்குச் சற்று மேற்பட்ட 35 டிகிரியைத் தேர்ந்துகொள்வது புத்திசாலித்தனம். சூடாக்கி நிறுத்துவது எளிது, குளிர்வித்து நிறுத்துவது கடினம். தொட்டியில் இறக்கிய குப்பிக்குக் கால் மணி நேரமாவது கொடுக்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே உள்ள நீர் 30 டிகிரி என்பதால் உள்ளே உள்ள திரவமும் 30 டிகிரிதான் என்று கொள்வது, வீட்டுக்காரர் விழித்திருப்பதால் விருந்தாளியும் விழித்திருப்பார் என்று கொள்வதைப் போன்றது.

அடுத்தது சுத்தம். கண்ணாடியின்மேல் நீரை ஊற்றி வழியவிட்டால், அது எங்கும் ஒட்டின படலமாகப் பரவ வேண்டும். முத்துமுத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெய்ப் பசை இருக்கிறது என்று அர்த்தம். பழைய நூல்களெல்லாம் குரோமிக் அமிலக் கரைசலைச் சிபாரிசு செய்யும். அது கொடிய விஷமாதலாலும், கழித்துக்கட்ட இடமில்லாததாலும், நல்ல சலவைத்தூள் கரைசலில் ஊறவைத்து, வாலைநீரால் பலமுறை அலசி, கடைசியாகச் சிறிது அசிட்டோன் விட்டுக் காற்றில் உலர்த்துவதே போதுமானது. அளவுக் கண்ணாடிகளை நெருப்பில் காட்டியோ சூட்டடுப்பில் வைத்தோ உலர்த்தக் கூடாது. கண்ணாடி விரிந்து, பழைய பருமனுக்குத் திரும்ப வெகுநேரம் பிடிக்கும்.

நம் இரண்டு புட்டிகளின் வழக்கைத் தீர்க்க மிக எளிய சாட்சி அடர்த்தியே. ஆல்கஹால் கூடக்கூட அடர்த்தி ஒரே திசையில் குறைந்துகொண்டே செல்கிறது. ஏறி இறங்கும் குழப்பம் அதில் இல்லை. தனி ஆல்கஹாலுக்கு 20 டிகிரியில் 0.7893, சரிபாதிக் கலவைக்கு 0.9138 என்றால், திரவமானி ஒன்றை மிதக்கவிட்டாலே போதும். விற்பனைக் களஞ்சியத்துக்கு அது போதும் என்பதைத் தவிர அக்கருவியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நான்காம் தசம ஸ்தானம் வரை வேண்டுமானால் ஒப்படர்த்திக் குப்பியே துணை. அதன் மூடியின் நடுவே மெல்லிய துளை ஒன்று ஓடும். குப்பியை நிரப்பி மூடியைச் செருகும்போது மிகுதித் திரவம் அத்துளை வழியே வெளியேற, எப்போதும் ஒரே பருமன் உள்ளே நிற்கும். வெறுங்குப்பியை முதலில் நிறுக்க வேண்டும். பிறகு கொதிக்கவைத்து ஆற்றிய வாலைநீரால் நிரப்பித் தொட்டியில் வைத்து எடுத்து நிறுக்க வேண்டும். பிறகு உலர்த்தி, அறிய வேண்டிய திரவத்தால் நிரப்பி, அதே உஷ்ணநிலையில் வைத்து நிறுக்க வேண்டும். நீரைக் கொதிக்கவைக்கச் சொல்வது, கரைந்திருக்கும் காற்று பின்னர்ச் சுவரில் குமிழாய் ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காக. தொட்டியிலிருந்து எடுக்கும்போது குப்பியின் வயிற்றைப் பிடிக்கக் கூடாது. கையின் சூட்டால் திரவம் விரிந்து துளை வழியே பிதுங்கும். கழுத்தை மட்டும் பிடித்து, வெளிப்புறத்தை மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். அப்போது துணி துளையைத் தொட்டால் உள்ளிருப்பதை உறிஞ்சிவிடும்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். 30 டிகிரியில் குப்பி கொண்ட நீரின் எடை 24.8545 கிராம், அதே குப்பி கொண்ட கலவையின் எடை 22.6300 கிராம் என்றால், விகிதம் 0.9105. இதை 30 டிகிரியில் நீரின் அடர்த்தியாகிய 0.99565-ஆல் பெருக்கினால் 0.9065 வரும். அவசரக்காரர்கள் இங்கே நிறுத்திவிடுவார்கள். நாம் நிறுத்தது காற்றில் அல்லவா? காற்றும் தன் பங்குக்குக் குப்பியைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஒரு மில்லிலிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 0.0012 கிராம்; நீரின் அடர்த்தியிலிருந்து அதைக் கழித்து, 0.99445 என்னும் எண்ணால் விகிதத்தைப் பெருக்கி, பின்னர் அந்த 0.0012-ஐத் திரும்பக் கூட்டினால் சரியான விடையாகிய 0.90665 கிடைக்கும். எடையில் 49½ சதவீதத்துக்கு ஒரு மயிரிழை மேற்பட்ட கலவை என்று அதனால் அறிகிறோம். நீரின் அடர்த்திக்கு அருகே உள்ள திரவத்துக்கு இத்திருத்தம் அற்பம். தனி ஆல்கஹாலிலோ நான்காம் ஸ்தானத்தில் இரண்டு மூன்று அலகு வித்தியாசம் ஏற்படும்.

ஈதரைப் போன்ற ஆவியாகும் திரவங்களுக்கு இக்குப்பி உதவாது. ஈதர் 34.6 டிகிரியில் கொதிப்பது. சென்னையின் கோடைப் பகலில் மேசைமேலேயே கொதித்துவிடக்கூடியது. அவற்றுக்கு, 1873-இல் ஸ்பிரெங்கல் அமைத்த, இரு முனையும் நுண்குழாயாக நீண்டு மூடிகொண்ட வளைகுழாயே தகும். வளைந்த கண்ணாடிக் குழாயை அதிரவைத்து, அதிர்வின் காலத்தைக் கொண்டு அடர்த்தியைக் காட்டும் கருவிகள் 1960-களின் இறுதியிலிருந்து வந்துவிட்டன. ஒரு மில்லிலிட்டரிலேயே வேலை முடிகிறது. ஆனால் அதற்குள் ஒரு குமிழ் நுழைந்துவிட்டால், அக்கருவி ஆறு தசம ஸ்தானத்துக்குப் பொய்யைத் திருத்தமாகச் சொல்லும்.

கலவைகளைத் தயாரிக்கும் விதத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பருமனை அளந்து கலக்கலாகாது என்பதை மேலே கண்ட 96 மில்லிலிட்டரே உணர்த்தியிருக்கும். எடையால்தான் கலக்க வேண்டும். இறுக மூடும் புட்டியில் ஆவியாகாததை முதலில் விட்டு நிறுத்து, ஆவியாவதை அடுத்துச் சேர்த்து மீண்டும் நிறுக்க வேண்டும். முறையை மாற்றினால், இரண்டாவதை ஊற்றும்போது முதலாவது காற்றோடு போய்விடும். தனி ஆல்கஹால் காற்றின் ஈரத்தைக் குடிக்கும் இயல்புடையதாதலால், கடற்கரை ஊர்களில் அதன் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பது நல்லதன்று. கலந்த பிறகு சூடு ஆறவும் குமிழி அடங்கவும் விட்டு, அதன்பின்னரே அளக்கத் தொடங்க வேண்டும்.

பாகுநிலைக்கு வருகிறேன். திரவம் தன் மீதே தான் வழுக்கிச் செல்லும்போது காட்டும் தயக்கத்துக்குப் பாகுநிலை என்று பெயர். தேன் ஒழுகுவதையும் மண்ணெண்ணெய் ஒழுகுவதையும் பார்த்தவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை. இதன் கணித விதியை வகுத்த புவாசே பிரெஞ்சு நாட்டு மருத்துவர். நுண்ணிய நாளங்களில் இரத்தம் ஓடும் விதத்தை அறியும் ஆவலால், மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீரையும் பிற திரவங்களையும் ஓடவிட்டு, 1840-களில் தம் முடிவுகளை வெளியிட்டார். அவர் பெயராலேயே பாய்ஸ் என்னும் அலகு வழங்குகிறது. நம் மேசையில் இருக்கும் ஆஸ்வால்டு பாகுநிலைமானி, ஆங்கில 'யு' எழுத்தைப் போல் வளைந்த குழாய்; ஒரு கையில் மேலும் கீழும் கோடிட்ட சிறு குமிழும் அதன்கீழே நுண்குழாயும், மறு கையில் பெரிய குமிழும் உண்டு. திரவத்தை மேல் கோட்டுக்கு மேலே உறிஞ்சி ஏற்றி விட்டுவிட்டு, அதன் மட்டம் மேல் கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு இறங்கும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்தால், நீருக்கு எடுத்த நேரத்தோடு ஒப்பிட்டு விடை காணலாம்: நேரத்தின் விகிதத்தை அடர்த்தியின் விகிதத்தால் பெருக்கினால் பாகுநிலையின் விகிதம் கிட்டும். வாயால் உறிஞ்சுவது அந்நாள் வழக்கம். இன்று ரப்பர்க் குமிழைத் தவிர வேறொன்றையும் பயன்படுத்தலாகாது.

இவ்வளவு எளிய வேலையில் எத்தனை கண்ணிகள்! குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். தூக்குநூலைத் தொங்கவிட்டு இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்துக்கொள்வது நலம். ஒவ்வொரு முறையும் ஒரே பருமன் திரவத்தைப் பிப்பெட்டால் விட வேண்டும். கூடினால் குறைந்தால் ஓட்டத்தை உந்தும் திரவ உயரம் மாறிவிடும். உப்பலோடே என்பவரின் குழாயில் இந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதால், காசு இருப்பவர் அதை வாங்கலாம். ஒரு பருத்தி இழையோ தூசியோ நுண்குழாயில் சிக்கினால் நேரம் முறைக்கு முறை மாறும். திரவத்தை வடிகட்டியே ஊற்ற வேண்டும். நீர் இறங்க 100 விநாடிக்குக் குறைவாக எடுக்கும் அகன்ற குழாயைத் தேர்ந்தால், திரவத்தின் வேகமே கணக்கைக் கெடுக்கும். உஷ்ணநிலையோ இங்கே அடர்த்தியில் இருந்ததைவிடக் கொடிய எஜமானன்: நீரின் பாகுநிலை 20 டிகிரியில் 1.002 சென்டிபாய்ஸ், 25-இல் 0.890, 30-இல் 0.798. ஒரு டிகிரிக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு என்றால், அரை டிகிரி அசட்டையால் எத்தனை பிழை வரும் என்பதைத் தாங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். நான் மாணவனாயிருந்த நாளில், மூன்று முறை அளந்தும் நேரம் விநாடிக்கணக்கில் குறைந்துகொண்டே வர, குழாயில் ஏதோ அதிசயம் நிகழ்வதாக எண்ணிக் குறிப்பேட்டில் ஒரு பக்கம் சித்தாந்தம் எழுதினேன். மேசையோரச் சாளரத்தின் வழியே வெயில் மெல்ல நகர்ந்து தொட்டியின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

25 டிகிரியில், நீர் 120 விநாடியில் இறங்கும் குழாய் ஒன்றை எடுத்து நம் புட்டிகளைச் சோதித்தால், தனி ஆல்கஹால் ஏறக்குறைய 185 விநாடியிலும், சரிபாதிக் கலவை ஏறக்குறைய 355 விநாடியிலும் இறங்கும். ஒளிவிலகல்மானியால் பிரிக்க முடியாத இரட்டையரை ஒரு கடிகாரம் பிரித்துவிட்டது! நீரின் பாகுநிலை 0.89, ஆல்கஹாலினுடையது ஏறக்குறைய 1.1; கலவையினுடையதோ இரண்டையும் மீறி 2.4 அளவுக்குப் போய்விடுகிறது. நீரும் ஆல்கஹாலும் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்ளும் நெருக்கமே இந்தத் தயக்கத்துக்குக் காரணம். பருமன் சுருங்கும் விகிதத்துக்கு அருகிலேயே, எடையில் 40-க்கும் 50-க்கும் இடையே, பாகுநிலையும் உச்சம் பெறுவது இரண்டுக்கும் உள்ள உறவைக் காட்டும். ஆயினும் பாகுநிலையும் ஏறி இறங்கும் குணமே. பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக ஆல்கஹால் கலந்த நீர், தனி ஆல்கஹாலின் பாகுநிலையையே காட்டும். அப்போது கடிகாரம் ஊமையாகி, குப்பி பேசும்.

பரப்பு இழுவிசையை அளப்பதில், நுண்குழாயில் திரவம் ஏறும் உயரத்தைப் பார்ப்பது ஒரு முறை; ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் நீர் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் ஏறும். சொட்டுகளை எண்ணி நிறுப்பது மற்றொரு முறை. தொங்கும் சொட்டு முழுவதும் விழுவதில்லை, ஒரு பகுதி முனையிலேயே தங்கிவிடுகிறது என்பதால், ஹார்க்கின்ஸும் பிரவுனும் 1919-இல் வெளியிட்ட திருத்த எண்களைப் பயன்படுத்த வேண்டும். நீருக்கு 20 டிகிரியில் சென்டிமீட்டருக்கு 72.8 டைன், ஆல்கஹாலுக்கு 22-ஐ ஒட்டியது. எடையில் பத்தே சதவீதம் ஆல்கஹால் சேர்ந்தால் நீரினுடையது 48 அளவுக்குச் சரிந்துவிடும். ஆல்கஹால் மூலக்கூறுகள் மேற்பரப்பில் முண்டியடித்துக்கொண்டு வந்து நிற்பதே காரணம். ஆகையால் ஆல்கஹால் சொற்பமாக உள்ள கலவைகளுக்கு இதைப் போன்ற கூரிய சாட்சி வேறில்லை. மிகுதியாக உள்ளவற்றுக்கு இது பயனற்றது. மேற்பரப்பு எவ்வளவு எளிதில் மாசடையும் என்பதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர், பல்கலைக்கழகப் படியேறாத ஜெர்மானியப் பெண்மணியாகிய அக்னஸ் பாக்கல்ஸ். வீட்டு வேலைக்கிடையே தாமே அமைத்துக்கொண்ட நீர்த்தட்டில் அவர் செய்த சோதனைகளை ராலே பிரபுவுக்கு எழுத, அவர் அதை 1891-இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவரச் செய்தார். சமையலறைப் பாத்திரத்தின் எண்ணெய்ப் பசையை அறிந்தவர்களுக்கு இந்த அளவீட்டை விரைவில் பழுதின்றிச் செய்ய வரும் என்பது என் எண்ணம்.

ஒளிவிலகல்மானியை நான் குறை கூறிவிட்டதாக யாரும் கருத வேண்டாம். எர்ன்ஸ்ட் அபே ஜேனா நகரில் 1869-இல் அமைத்த அக்கருவியைப் போல், இரண்டு துளியில் ஒரு நிமிஷத்தில் விடை சொல்வது வேறொன்றில்லை. முதலில் வாலைநீரை விட்டு, 25 டிகிரியில் 1.3325 காட்டுகிறதா என்று சரிபார்க்க வேண்டும். பட்டகத்தின் கண்ணாடி மென்மையானது. கண்ணாடிச் சொட்டுக்குழாயின் முனையால் அதைத் தொட்டால் கீறல் விழும். பட்டகங்களை மூடிய பிறகு ஆவியாகும் திரவத்தைப் பக்கத்துத் துளை வழியே விட வேண்டும். கரிமக் கரைப்பான்களில் ஒரு டிகிரிக்கு 0.0004 முதல் 0.0005 வரை எண் குறையும் என்பதை மறக்கலாகாது.

அடர்த்தி ஊமையாகும் இடத்தில் இக்கருவி பேசும் என்பதற்குப் பயங்கரமான ஓர் உதாரணம் உண்டு. மெதில் ஆல்கஹாலின் அடர்த்தி 20 டிகிரியில் 0.7914, எதில் ஆல்கஹாலினுடையது 0.7893. திரவமானி இவ்விரண்டையும் பிரித்தறியாது. மணத்தாலும் சுவையாலும் அறிவதும் நம்பத்தக்கதன்று. ஒளிவிலகல் எண்ணோ 1.3284-க்கும் 1.3614-க்கும் உள்ள தூரத்தில் இருக்கிறது. மொத்த ஆல்கஹாலை அடர்த்தியாலும், அதில் மெதில் எவ்வளவு என்பதை ஒளிவிலகலாலும் மதிப்பிடும் முறை சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பழக்கத்துக்கு வந்தது; இன்று வாயுப் பகுப்புக் கருவிகள் அந்த வேலையை இன்னும் நிச்சயமாகச் செய்கின்றன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெதில் ஆல்கஹால் கலந்த கள்ளச்சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, இந்த இரண்டு எண்களும் என் நினைவுக்கு வந்தன.

கொதிநிலையைப் பற்றி மிகச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கலவையின் தன்மையை அறிய அதைப்போல் ஏமாற்றுவது வேறில்லை. தனி ஆல்கஹால் 78.3 டிகிரியில் கொதிக்கும்; 95.6 சதவீத ஆல்கஹாலோ 78.15 டிகிரியில், ஒரே திரவத்தைப் போல் விகிதம் மாறாமல் கொதித்து ஆவியாகும். காற்றழுத்தத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். உதகமண்டலத்தில் நீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். ஆகவே பாரமானியைப் பார்க்காமல் எழுதிய கொதிநிலை, ஊர்ப்பெயர் இல்லாத கடிதத்தைப் போன்றது.

குறிப்பேட்டில் எண்ணை எழுதுமுன் உஷ்ணநிலை, காற்றழுத்தம், புட்டியின் அடையாளம், எந்த நாளில் திறந்தது ஆகியவற்றை எழுதும் வழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். இனி எச்சரிக்கைகள் சில. ஆல்கஹாலின் ஆவி 13 டிகிரியிலேயே தீப்பொறிக்குப் பற்றக்கூடியது. நம் ஊரில் அதற்கு எப்போதுமே கோடைதான். கார்பன் டைசல்பைடின் ஆவிக்குத் தீச்சுடர்கூட வேண்டாம், நூறு டிகிரியை ஒட்டிய சூட்டுப்பலகையே போதும். பென்சீன் புற்றுநோயை உண்டாக்குவது. சராசரிக் கணக்குக்கு அடங்கும் கலவையை வேண்டுவோர் அதை விலக்கி, டொலுயீனோடு சைலீனைச் சேர்த்துச் செய்துபார்க்கலாம். பழைய ஈதர்ப் புட்டியில் பெராக்சைடு சேர்ந்து வெடிக்கும் அபாயம் உண்டாதலால், அடியில் படிகம் தெரிகிற புட்டியைத் தொடவே தொடாமல் ஆசிரியரை அழைக்க வேண்டும். அளந்து முடிந்தவற்றைத் தொட்டியில் ஊற்றாமல் கழிவுப் புட்டியில் சேர்க்கச் சொல்வார்கள். அப்போது குளோரோபார்மையும் அசிட்டோனையும் ஒரே புட்டியில் ஊற்றாதீர்கள். அவை சேரும்போதே கலவை சூடேறும். அதில் யாரேனும் அறியாமல் சிறிது காரத்தை விட்டிருந்தால், மூடியோடு புட்டியும் பறந்துவிடும்.